மூன்றில் இரண்டின் வர்க்கமூலமும் ஒரு தார்ப்பாயும்

கால்குலேட்டர் சரியான விடையைக் காட்டியபோது அது பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி அணைத்துவிட்டு, பழைய மின்சார ரசீதின் பின்பக்கத்தில் நானே கணக்குப் போட்டுத் தப்பான விடையைக் கண்டுபிடித்தவன் நான். அப்போது வயது ஐம்பத்திரண்டு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நிறையத் தெரியும் என்ற நினைப்பில்தான் செய்தேன்.

அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. கணிதத்தின் வரலாற்றைப் பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. மூன்றையும் படித்திருக்கிறேன். பூஜ்யம் இங்கிருந்து எந்தெந்த ஊர் வழியாக எங்கெங்கே போனது என்று கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை பேசுவேன். அந்தப் புத்தகங்களில் நிஜமான கணக்கு வருகிற பக்கங்களை மட்டும், நாவலில் சூரிய அஸ்தமன வர்ணனையைத் தாண்டுவதுபோல, மரியாதையோடு தாண்டிவிடுவது வழக்கம்.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற சாலையில் என் வீடு. நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அமைதி வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியது. வீட்டோடு ஒரு சிமென்ட் களமும் வந்தது, முப்பதடிக்கு முப்பதடி. முன்பு இருந்தவர் காப்பி காயவைப்பதற்காகப் போட்டிருந்தார். காப்பிக்கும் எனக்கும் உள்ள உறவு டம்ளருக்கு வெளியே நீளாததால், களத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொண்டிருந்தேன். தொள்ளாயிரம் சதுர அடிக்கு ஒரு நாற்காலி. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் குடிவந்த முதல் வருடமே செம்மநத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்து கேட்டார்.

"ஏனுங்க சார், உங்க களத்துல வெயிலு நல்லா உழுகுது. எங்கூட்டு வாசல்ல பத்து மணி வரைக்கும் பனி எந்திரிக்கவே மாட்டேங்குது. காப்பியக் கொண்டாந்து காயப்போட்டுக்கட்டுங்களா?"

"தாராளமாப் போடுங்க."

"நாற்காலிய எடுத்தரலாமுங்களா?"

எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் அவர் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவார். பதினைந்து நாள் போலக் காயும். காலை பஸ்ஸில் வந்து பரப்புவார், மணிக்கொரு தரம் கிளறிவிடுவார், சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டித் தாழ்வாரத்தில் குவித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போவார். காப்பிக்காரம்மா என்றே என் வீட்டில் பெயராகிவிட்டது. அவரிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர். கணவருக்கு முதுகுவலி, குனிந்து வேலை செய்ய முடியாது. மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்தக் காப்பி விற்றுத்தான் அவளுடைய அடுத்த வருடப் படிப்பு.

அவர் காப்பிப் பழத்தைச் சதுரமாகத்தான் பரப்புவார். நீள்சதுரமாகப் பரப்பினால் நடுவில் நின்று கிளறச் சுலபமாயிற்றே என்று ஒருமுறை ஆலோசனை சொன்னேன். ஆலோசனைகள் என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

"சதுரமா இருந்தாத்தானுங்க சார் ஆகும். திடீர்னு மழை வாரப்ப தார்ப்பாயில எது நீளம், எது அகலம்னு தேடிட்டு நிக்க முடியுங்களா? எந்த மூலையப் புடிச்சு இழுத்தாலும் மூடோணும்."

பகலில் வரும் மழைக்குத்தான் தார்ப்பாய். கூட்டிக் குவிக்க ஒரு மணி நேரம் ஆகும். மலையில் மழை அவ்வளவு அவகாசம் தராது. பரப்பியது பரப்பியபடியே இருக்க, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து மூடிவிட வேண்டும்.

போன வருடம் பூ எடுக்கிற நேரத்தில் மழை ஏமாற்றியது. முந்திய வருடம் முப்பது மூட்டைப் பழம் வந்து களம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. இந்தத் தடவை இருபது மூட்டைதான். அதே சமயத்தில் என் தார்ப்பாயையும் எலி கடித்துவிட்டிருந்தது. ஷெட்டில் நான் அக்கறையோடு சுருட்டி வைத்திருந்த முப்பதடித் தார்ப்பாயின் ஒரு மூலை சல்லடையாகியிருந்தது. இருவரும் அதைக் களத்தில் விரித்துப் பார்த்தோம்.

"மூலை மட்டுந்தானுங்க போயிருக்குது. அத வெட்டிட்டு வெச்சுக்கலாமுங்க."

"வேண்டாங்க. எலி மிச்சம் வச்சதை நம்பியா இருபது மூட்டைக் காப்பியை விடறது? புதுசு வாங்கித் தர்றேன்."

"அப்ப இத எங்க மாட்டுக் கொட்டாய்க்கு எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்குங்க."

"புதுசும் முப்பதுக்கு முப்பதே வாங்கீருங்க சார்."

அப்படியே வாங்கியிருக்கலாம். ஆனால் முந்திய வருடம் அந்தப் பெரிய தார்ப்பாயை இழுக்கும்போது அவர் வழுக்கி விழுந்து முட்டி வீங்கியது நினைவுக்கு வந்தது. பழம் குறைவு, அப்புறம் எதற்கு அத்தனை பாரம்? அளவாக ஒன்று வாங்கலாம். இதில் இரக்கமும் இருந்தது, கணிதமும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வாய்க்கிற சந்தர்ப்பத்தை நான் விடுவதில்லை.

மேஜையில் உட்கார்ந்தேன். பழம் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பரப்பளவும் மூன்றில் இரண்டு பங்கு. சதுரத்தின் பக்கம் வேண்டுமானால் மூன்றில் இரண்டுக்கு வர்க்கமூலம் கண்டுபிடித்து அதை முப்பதால் பெருக்க வேண்டும். இதுவரை நான் செய்தது முழுக்கச் சரி. இப்படி ஒரு வாக்கியத்தை இனிமேல் எழுத வாய்ப்பில்லை என்பதால் இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து இரண்டை மூன்றால் வகுத்து, மூலக்குறியைத் தட்டினேன். 0.816 என்று ஆரம்பித்து ஒரு வால் நீண்டது.

சிரித்துவிட்டேன். வர்க்கமூலம் எடுத்தால் எண் சிறுத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாதா? நூறுக்குப் பத்து. பதினாறுக்கு நாலு. ஒன்பதுக்கு மூன்று. மூன்றில் இரண்டு என்பது 0.66 சொச்சம்; அதற்குள்ளிருந்து 0.81 எப்படி வரும்? ஆட்டின் வயிற்றில் ஆட்டைவிடப் பெரிய குட்டியா? எதையோ மாற்றித் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினேன். அதே 0.816. மூன்றாம் தடவையும் அதுவே வந்ததும், போன் கீழே விழுந்த நாளிலிருந்தே சரியில்லை என்று முடிவுகட்டினேன்.

ரசீதைத் திருப்பினேன். மூன்றில் இரண்டு. மேலே இரண்டு, முழு வர்க்கமில்லை. கீழே மூன்று, அதுவுமில்லை. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் பின்னம் மாறாது என்பது பள்ளிக்கூடத்திலிருந்து தப்பி என்னோடு வந்த சில விஷயங்களில் ஒன்று. இரண்டால் பெருக்கினேன். ஆறில் நான்கு. மேலே நான்கு சொன்னபடி கேட்டு நின்றது. கீழே ஆறு நழுவிவிட்டது. மூன்றால் பெருக்கினேன். ஒன்பதில் ஆறு. இப்போது கீழே அடங்கியது, மேலே திமிறியது. தனியாளாக இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனின் கதை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம். எட்டால் பெருக்கினேன்: இருபத்து நான்கில் பதினாறு. பதினாறு உட்கார்ந்தது, இருபத்து நான்கு ஓடியது. இருபத்தேழால் பெருக்கினேன்: எண்பத்தொன்றில் ஐம்பத்து நான்கு. டீ ஆறிப்போயிற்று. இரண்டும் ஒருசேர அடங்குகிற எண் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது, நான்தான் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் போனாலும் அப்படி ஒரு எண் கிடையாது என்பது அந்த மூன்று புத்தகங்களிலும், நான் தாண்டிய பக்கங்களில் இருக்கிறது.

களைத்துப்போய் ஒன்பதில் ஆறுக்கே திரும்பி வந்தேன். கீழே ஒன்பது, அதன் மூலம் மூன்று. மேலே ஆறுதான் தகராறு. ஆறுக்குப் பக்கத்தில் உள்ள முழு வர்க்கம் எது? நான்குக்கு இரண்டடி, ஒன்பதுக்கு மூன்றடி. நான்குதான் கிட்ட இருக்கிறது. ஆறை நான்கு என்று வைத்துக்கொண்டால் மூலம் இரண்டு. ஆகவே விடை: மூன்றில் இரண்டு.

மூன்றில் இரண்டின் வர்க்கமூலம் மூன்றில் இரண்டு! ஓர் எண்ணுக்கு அந்த எண்ணே மூலமாக வந்தால் எந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சந்தேகப்பட்டு ஒருமுறை பெருக்கிப் பார்க்கும். மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டால் பெருக்கினால் ஒன்பதில் நான்குதான் வரும், பாதிகூடத் தேறாது. நான் பெருக்கவில்லை. அதன் அழகில் மயங்கிவிட்டேன். முப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருபது. பிசிறில்லாத இருபது. பாடப்புத்தகத்தில் எந்தக் கணக்கும் கடைசியில் முழு எண்ணாகத்தானே வந்து நிற்கும்? விடை முழுசாக வந்தால் வழியும் சரி என்பதுதான் பத்து வருடப் பள்ளிப் படிப்பில் நான் கற்றுக்கொண்ட ஒரே கணித விதி.

சேலத்துக் கடையில் கேட்கிற அளவில் வெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள்.

"இருபதுக்கு இருபது" என்றேன்.

"களத்துக்குங்களா? எதுக்கும் நாலடி கூடப் போட்டுக்குங்க சார். பெருசா இருந்தா மடிச்சுக்கலாம், சிறுசா இருந்தா என்னத்தப் பண்றது?"

"துல்லியமாக் கணக்குப் போட்டிருக்கேங்க" என்றேன். அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன், துல்லியமாக.

ஊர் திரும்பி, நீல நிறத் தார்ப்பாயைக் காப்பிக்காரம்மா முன்னால் வைத்தேன். அவர் தூக்கிப் பார்த்தார்.

"கனமே இல்லீங்களே. ஒருக்கா விரிச்சுப் பாத்துக்கலாமுங்களா?"

"கணக்குப் போட்டு வாங்கினதுங்க. பிரிச்சா மறுபடி இந்த மாதிரி மடிக்க வராது."

"சரிங்க. படிச்சவங்க, பாத்துத்தான வாங்கியிருப்பீங்க."

அவர் இருபது மூட்டையையும் கொட்டிச் சதுரமாகப் பரப்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இருபதடியைவிடக் கொஞ்சம் தாராளமாகத்தான் தெரிந்தது. காயக் காயச் சுருங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாவது நாள். பழம் கறுத்து, கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கிற பக்குவம். இன்னும் நாலைந்து வெயில் போதும் என்றார். இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போனேன்.

"சார்! குப்பனூர்ப் பக்கம் இருட்டிக்கிட்டு வருதுங்க! தார்ப்பாய எடுங்க!"

தை மாதத்தில் மழையா என்று வியப்பதற்கு நேரமில்லை. கட்டிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். கயிற்றை அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தோம். காற்று அதைத் தூக்கி என் முகத்தில் அறைந்தது. விலக்கிவிட்டு இழுத்தேன். என் கையில் ஓரம் வந்துவிட்டது. அவர் கையிலும் ஓரம். எங்கள் இருவர் காலடியிலும் காப்பி திறந்து கிடந்தது.

"சார், இன்னொரு மடிப்பு இருக்குதுங்களா?"

பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். மடிப்பு எதுவும் இல்லை.

"இவ்வளவுதாங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் தார்ப்பாயையும் காப்பியையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் இழுத்தோம். சாலைப் பக்கம் திறந்தது. சாலைப் பக்கம் இழுத்தோம். வீட்டுப் பக்கம் திறந்தது. நடுவில் வைத்தால் நாலாபுறமும் இரண்டடிக்குமேல் கறுப்புக் கரை. எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் மூட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்; எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் மூடாத ஒன்றை நான் துல்லியமாக வாங்கி வந்திருந்தேன். முழுவதையும் மூடியிருக்கக்கூடிய பழையது அந்த நேரத்தில் செம்மநத்தத்தில் ஒரு மாட்டை நனையாமல் காத்துக்கொண்டிருந்தது.

முதல் துளிகள் விழுந்தன. அவர் கிளறுகிற பலகையை எடுத்து ஓரத்துக் காப்பியை உள்ளே தள்ள ஆரம்பித்தார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். ஈர்க்குகளுக்கு இடையில் கொட்டைகள் சிக்கினவே தவிர நகரவில்லை. அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். மழைக்கோட்டு, போர்வை, மேஜை விரிப்பு, கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து ஓரங்களில் விரித்தேன். போர்வை ஒரு நிமிடத்தில் நனைந்து, தான் குடித்த தண்ணீரையெல்லாம் நிதானமாகக் காப்பிக்குக் கொடுத்தது. கடைசியில் குடையை விரித்து, குனிந்து, ஒரு மூலையில் கொஞ்சம் காப்பிக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சார், நீங்க கொஞ்சம் நகருங்க. நீங்க நிக்கிற எடத்துல கொட்டை நசுங்குது."

நகர்ந்தேன். தாழ்வாரத்துக்கு வந்து நின்று பார்த்தேன். அன்று என்னால் ஆன ஒரே உதவி அதுதான்.

இருபது நிமிடம் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடித்தது. அவர் தலைத்துண்டைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தார். ஓரத்திலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"நடுவுல இருக்கறது தப்பிச்சிருச்சுங்க. நாலுல ஒரு பங்கு போயிருக்கும்."

"மறுபடி காயவச்சா..."

"காயுமுங்க. ஆனா காஞ்ச கொட்டை தண்ணி குடிச்சா அப்பறம் வாசம் மாறிரும். யாவாரி மோந்து பாத்தே சொல்லீருவான்."

நனைந்ததையும் நனையாததையும் தனித்தனியாகப் பிரிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எனக்கும் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். நானும் உட்கார்ந்து பிரித்தேன். நனைந்ததை நனையாத குவியலில் போடுகிறேன் என்று சொல்லி, அதையும் கொஞ்ச நேரத்தில் மென்மையாக நிறுத்திவிட்டார்.

அவர் பஸ் ஏறிய பிறகு ரசீதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதில் ஆறு. கீழே மூன்று, அதில் சிக்கலில்லை. ஆறைத் துரத்தினேன். 2.4ஐ அதாலேயே பெருக்கினால் 5.76, குறைவு. 2.5ஐ 2.5ஆல் பெருக்கினால் 6.25, அதிகம். 2.45க்கு 6.0025, மயிரிழையில் தாண்டிவிட்டது. 2.449க்கு ஆறை எட்டவில்லை. இன்னும் எத்தனை இலக்கம் சேர்த்தாலும் கிட்டத்தட்டத்தான் போகலாம், போய்ச் சேர முடியாது. தார்ப்பாய்க்கு அது போதும். மூன்றால் வகுத்தேன். 0.816. கீழே விழுந்த போன் மூன்று முறை சொன்ன அதே எண். முப்பதால் பெருக்கினால் இருபத்து நாலரை அடி.

ஆட்டுக்குட்டி விஷயமும் அப்போதுதான் விளங்கியது. பாதியில் பாதி கால். அப்படியென்றால் காலுக்கு வர்க்கமூலம் பாதி, காலைவிடப் பெரியது. ஒன்றுக்குக் குறைந்த எதுவும் அப்படித்தான், தன்னைவிடப் பெரிய மூலத்தை வைத்துக்கொண்டிருக்கும். பாதி டம்ளர் மோரில் பாதியை ஊற்றிக் கொடுத்த எவருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குப் பூஜ்யம் பயணம் போன வழிதான் தெரியும்.

நனைந்த பங்கை ஏற்காட்டு வியாபாரி ஒதுக்கி வைத்துவிட்டார் என்று அடுத்த வாரம் தெரிந்தது. குறைந்ததை நான் ஈடுகட்டுகிறேன் என்றேன். "மழை பேஞ்சதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று அவர் மறுத்துவிட்டார். மகள் படிப்பு நிற்கவில்லை. அதற்காக அவர் இரண்டு மாதம் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போனார். காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகிற எஸ்டேட் ஜீப் என் வீட்டைத் தாண்டித்தான் போகும். அது வருகிற நேரத்தில் நான் களத்தில் நிற்பதைத் தவிர்த்துவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு பொட்டலம் காப்பித்தூளோடு வந்தார். வருடா வருடம் கொடுப்பது. அதை வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. ரசீதை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மழை இல்லீங்க. என் கணக்குத்தான் தப்பு. மழை பெய்யாம இருந்திருந்தாலும் அது தப்புத்தான்."

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் சரியாகச் சொன்னதை, நான் அணைத்ததை, ஆறை நான்கு என்று வைத்துக்கொண்டதை, பாதியில் பாதி கால் என்பதை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பாதியில் பாதி வந்தபோது, அதற்கு இவ்வளவு நேரமா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"அப்ப எத்தன அடி இருந்திருக்கோணுமுங்க?"

"இருபத்து நாலரை."

அவர் ரசீதைப் பார்த்தார். பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"அந்தப் பழைய தார்ப்பாய கொட்டாய்க்குப் போடறப்ப, எலி கடிச்ச பக்கமெல்லாம் வெட்டிட்டு எங்கூட்டுக்காரரு டேப்பு வெச்சு அளந்தாருங்க. சதுரமா இருவத்தஞ்சு அடி. நொம்பச் சரியாக் கணக்குப் பாத்துத்தானுங்க சார் எலி கடிச்சிருக்குது."